ஹீத்ரோ ஐந்தாம் முனையம்: சொன்ன தேதியில் முடிந்தும் ஏன் சறுக்கியது?

2008 மார்ச் 27, வியாழக்கிழமை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் பயணிகளுக்குத் திறந்த நாள். விடிவதற்கு முன்பே ஹாங்காங்கிலிருந்து முதல் விமானம் வந்து இறங்கிவிட்டது. அந்த நேரத்தில், பெட்டிகளை ஏற்றி இறக்க வேண்டிய ஊழியர்களில் பலர் காரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக நிறுத்திவிட்டு வந்தால் ஊழியர்களுக்கான பாதுகாப்புச் சோதனையில் நீண்ட வரிசை. அதையும் தாண்டி உள்ளே போனால், தான் வேலை பார்க்க வேண்டிய இடத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே சிலருக்குப் புரியவில்லை. போய்ச் சேர்ந்தவர்களிலும் சிலருக்கு கம்ப்யூட்டரில் லாகின் ஆகவில்லை. எடுக்க ஆளில்லாமல் பெட்டிகள் பெல்ட்டிலேயே தேங்கின, பெல்ட் நிரம்பியது, சாயங்காலம் ஆனபோது கைப்பையோடு மட்டும் வருகிறவர்கள் ஏறலாம், பெட்டி வைத்திருப்பவர்கள் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அடுத்த சில நாட்களில் 500க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின, 20,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் உரியவரிடம் போய்ச் சேராமல் குவிந்தன. பிரித்து அனுப்ப இங்கே வழியில்லை என்று ஆயிரக்கணக்கான பெட்டிகளை லாரியில் ஏற்றி இத்தாலியின் மிலான் நகரத்துக்கு அனுப்பினார்கள். முதல் ஐந்து நாட்களில் மட்டும் 1.6 கோடி பவுண்டு இழப்பு என்று, அந்த முனையத்தில் விமானங்களை இயக்கிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் சொன்னது.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். இதே முனையம், 430 கோடி பவுண்டு செலவில், பல ஆண்டுகளுக்கு முன்பே குறித்த தேதியில், ஒதுக்கிய பட்ஜெட்டுக்குள் முடிந்தது. அந்த அளவுள்ள கட்டுமானத்தில் இது எவ்வளவு அபூர்வம் என்று துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வகுப்பறைகளில் இந்த முனையத்தை இரண்டு விதமாகவும் பாடம் நடத்துகிறார்கள். ஒரு ஆசிரியர் 'பெரிய கட்டுமானத்தை இப்படித்தான் நடத்த வேண்டும்' என்பார், இன்னொருவர் 'ஒரு திறப்பு விழாவை இப்படி நடத்தக் கூடாது' என்பார். ஏதோ இரண்டு தனித்தனிக் கதைகள் போல. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டும் ஒரே கதை, அந்தத் தேதியை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதில்தான் அந்த வியாழக்கிழமை காலை ஒளிந்திருந்தது என்பது என் கட்சி.

கட்டிய விதம்

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த நல்லது சாதாரணமானது இல்லை. 1995 முதல் 1999 வரை நடந்த பொது விசாரணை 525 நாட்கள் அமர்ந்தது. பிரிட்டனில் அதுவரை நடந்தவற்றில் மிக நீளமானது அதுதான். 2001 நவம்பரில் அனுமதி, 2002இல் வேலை ஆரம்பம். இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே, விமானங்கள் ஓயாமல் இறங்கி ஏறிக்கொண்டிருக்கும்போதே கட்ட வேண்டும். நடுவில் ஓடிய இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட வேண்டும். 87 மீட்டர் உயரக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் தலைப்பகுதியை வேறிடத்தில் செய்து, ராத்திரியோடு ராத்திரியாக ஓடுதளம் வழியே நகர்த்திக் கொண்டுவந்தார்கள். உச்சக்கட்டத்தில் களத்தில் சுமார் 8,000 பேர்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு விபத்து நடந்திருந்தது. 1994 அக்டோபரில், ஹீத்ரோவுக்கு ரயில் விடத் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கம் சரிந்து விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் என்ன நடக்கும்? வக்கீல்கள் வருவார்கள், எல்லோரும் ஃபைலைப் பத்திரப்படுத்துவார்கள், வேலை அப்படியே நிற்கும். விமான நிலையத்தின் அன்றைய உரிமையாளரான பி.ஏ.ஏ. நிறுவனம் ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கட்டாமல், எல்லோரையும் ஒரே அணியாக உட்காரவைத்து மீட்பு வேலையைச் செய்து முடித்தது. அந்த அனுபவம்தான் ஐந்தாம் முனையத்தின் ஒப்பந்தத்துக்கு விதை.

அந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொதுவாக வேலை கொடுப்பவர் ஒரு தொகைக்குப் பேசி முடித்து, எது தப்பினாலும் அது உன் தலையில் என்று எழுதி வாங்கிக்கொள்வார். பார்க்கப் பாதுகாப்பானதாகத் தெரியும். ஆனால் தப்பு தலையில் விழும் என்று தெரிந்த மனிதன் அதை முடிந்தவரை மறைப்பான், மறைக்க முடியாதபோது அடுத்தவன்மேல் தள்ளக் கடிதம் எழுத ஆரம்பிப்பான். பி.ஏ.ஏ. இதைத் தலைகீழாக்கியது. இடர் முழுக்க எங்களுடையது, நீங்கள் செய்த செலவைக் கொடுத்துவிடுகிறோம், அதற்குமேல் பேசி வைத்த லாபம் உண்டு, மிச்சம் பிடித்தால் அதிலும் பங்கு என்றது. காப்பீடும் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே. இப்படிச் செய்தபிறகு ஒரு சிக்கலை மறைத்து யாருக்கும் ஒரு பைசா லாபமில்லை. 'இந்த இடத்தில் அளவு ஒத்துவரவில்லை' என்று ஒருவர் முதல் நாளே வாய்திறந்து சொல்லலாம். கூரையின் ஒரு பகுதியை யார்க்‌ஷயரில் முன்கூட்டியே எழுப்பிப் பார்த்து, அங்கே கண்ட பிழைகளை எல்லாம் திருத்திக்கொண்டு, அப்புறம்தான் ஹீத்ரோவில் ஏற்றினார்கள். ஒத்திகைக்குச் செலவழித்ததைவிட ஒத்திகை மிச்சப்படுத்தியது அதிகம்.

இந்த வரியைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். கூரைக்கு முழு ஒத்திகை பார்த்தார்கள்.

ஒரு வடிகட்டி

அந்த நாளின் பல கோளாறுகளில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

பெட்டிகளைக் கையாளும் அமைப்பு மற்ற விமான நிறுவனங்களின் கணினிகளோடு பேசிக்கொண்டே இருக்கும். இந்த எண்ணுள்ள பெட்டி இந்த விமானத்திலிருந்து வருகிறது, அடுத்து அந்த விமானத்துக்குப் போக வேண்டும் என்று செய்தி வரும், அதைப் பார்த்துப் பெட்டியைத் திருப்பிவிடும். திறப்பதற்கு முன் இதை டெஸ்ட் செய்யும்போது பொய்ப் பெட்டிகளுக்குப் பொய்ச் செய்திகள் உருவாகும். அவை ஹீத்ரோவின் மற்ற பகுதிகளில் உயிரோட்டமாக ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புகளுக்குள் போய்விடக் கூடாது என்று நடுவில் ஒரு மென்பொருள் வடிகட்டி வைத்தார்கள். சரியான முன்னெச்சரிக்கைதான், நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். டெஸ்ட் முடிந்ததும் அதை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

விளைவு, திறந்த அன்று வேறு விமானங்களிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு மாற வேண்டிய பெட்டிகள் வந்தபோது, அவை யாருடையவை, எங்கே போக வேண்டும் என்ற தகவலே புதிய அமைப்புக்கு வந்து சேரவில்லை. தெரியாத பெட்டி என்றால் ஆள் கையால் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டிய ஆட்கள்தான் காலையில் கார் நிறுத்த இடம் தேடியவர்கள், லாகின் ஆகாதவர்கள், கட்டிடத்துக்கே புதியவர்கள். தனியாக வந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்திருக்கக்கூடிய கோளாறுகள் இவை, ஒவ்வொன்றும். ஒரே காலையில் கைகோத்துக்கொண்டு வந்தன. அந்த வடிகட்டியை எடுக்க மறந்தவரைத் தேடிப் பிடித்துத் திட்டுவதில் எனக்கு ஆர்வமே இல்லை, திறந்த நாளுக்கு முன் ஒரு முழு நாள் நிஜமாக ஓட்டிப் பார்க்கும் ஒத்திகை இருந்திருந்தால் அது தானாகக் கண்ணில் பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒத்திகையே நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைப் பயணிகளாக நடக்கவிட்டுப் பலமுறை பார்த்தார்கள். ஆனால் அந்த ஒத்திகைகள் 2007 செப்டம்பர் 17இலிருந்து, கட்டி முடிந்த கட்டிடத்தில் தொடங்கி நடக்க வேண்டியவை. அந்தத் தேதியில் கட்டிடம் முழுதாகத் தயாராகவில்லை. சில ஒத்திகைகள் ரத்தாயின, சிலவற்றின் அளவைக் குறைத்தார்கள், ஊழியர்கள் புது இடத்தில் பழகுவதற்கான நாட்களும் குறைந்தன. டெஸ்டிங்கில் சமரசம் செய்துகொண்டோம், இப்போது நினைத்தால் அது தவறு என்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் அன்றைய தலைமை நிர்வாகி வில்லி வால்ஷ், நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அப்படி ஒப்புக்கொண்டதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

இப்போது அந்த 'சொன்ன தேதி'யைத் திரும்பப் பாருங்கள். கட்டுமானம் தாமதமாகத்தான் முடிந்தது. அந்தத் தாமதம் கட்டியவர்களின் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். திறப்புத் தேதி அசையாமல் நின்றதால், தாமதம் அடுத்து வந்த வேலையைத் தின்றது. அடுத்து வந்த வேலை, அங்கே தினமும் நின்று உழைக்கப் போகிறவர்களின் பயிற்சி. கூரைக்குக் கிடைத்த ஒத்திகை பெட்டி தூக்குகிறவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இடரை ஒரே இடத்தில் வைத்து, மறைக்காமல் பேசி, ஒரே அணியாக வேலை செய்த அந்த அருமையான ஏற்பாடு கட்டுமானத்தோடு நின்றுவிட்டது. கட்டிடம் பி.ஏ.ஏ.வுடையது, உள்ளே இயக்குவது பிரிட்டிஷ் ஏர்வேஸ். 2006இல் பி.ஏ.ஏ.வே ஸ்பெயினின் ஃபெரோவியல் தலைமையிலான குழுமத்துக்குக் கைமாறியிருந்தது. திறப்பு என்ற வேலை இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் கிடந்தது. 'இன்னும் தயாராகவில்லை, தள்ளிப்போடுங்கள்' என்று சொல்லும் அதிகாரமும் அதைச் சொல்லத் தேவையான தகவலும் ஒரே ஆளிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

நோட்டுப் புத்தகம்

எனக்கு இந்தக் கதை இவ்வளவு உறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் சரக்குக் கிடங்குக்குப் புது சாஃப்ட்வேர் கொண்டுவந்தோம். கிடங்கு ஊழியர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி என்று திட்டத்தில் இருந்தது. எங்கள் வேலை எட்டு நாள் தாமதமானது. தேதியை மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது. எதைக் குறைக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்தபோது, குறைத்தால் யாரும் சண்டைக்கு வராத ஒரே வரி பயிற்சிதான். இரண்டு வாரம் ஒரு மதியமாகச் சுருங்கியது. அந்த முடிவு எடுத்த அறையில் நானும் இருந்தேன், கிடங்கிலிருந்து ஒருவரும் இல்லை. முடிவுக் கூட்டத்தில் எல்லாக் கட்டமும் பச்சை. கைதட்டினோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ரிப்போர்ட் விஷயமாகக் கீழே கிடங்குக்குப் போனேன். அங்கே பல வருட அனுபவமுள்ள ஒரு அக்கா இருந்தார். அவருடைய கீபோர்டுக்கு அடியில் நீளமான நோட்டு ஒன்று. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, பொருள், வரவு, பற்று, கடைசியில் சின்னதாகக் கையெழுத்து. பகல் முழுக்க நோட்டில் எழுதிக்கொண்டு, சாயங்காலம் உட்கார்ந்து அத்தனையையும் சிஸ்டத்தில் ஏற்றுகிறார். அப்படியானால் மேலே நாங்கள் திரையில் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த 'உடனுக்குடன் இருப்பு' எப்போதும் அரை நாள் பழையது.

ஏன் அக்கா என்று கேட்டேன். ஒருமுறை வந்த சரக்கில் நாலைந்து மட்டும் உடைந்திருக்க, அதை மட்டும் திருப்பி அனுப்பியதாகப் பதியப் போனாராம், முழு லாட்டும் திரும்பிவிட்டதாகக் காட்டியதாம், யாரைக் கேட்பது என்று தெரியவில்லையாம். அப்புறம் சொன்னார்: "ராத்திரி கணக்கு இடிச்சா என்னைத்தானே தம்பி கேப்பாங்க? கம்ப்யூட்டரையா கேப்பாங்க?"

அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டது அதற்கு முந்தைய அத்தனை மீட்டிங்கிலும் எனக்குத் தெரியவரவில்லை. எங்கள் ஆவணப்படி அந்த புராஜெக்ட் வெற்றி. அக்காவின் நாளில் அது ஒரு மணி நேரக் கூடுதல் வேலை.

யார் கேட்கிறார், எப்போது கேட்கிறார்

காலம், செலவு, தரம் என்ற முக்கோணத்தை 1969இல் மார்ட்டின் பார்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வரைந்து காட்டினார். ஒன்றை இழுத்தால் மற்றது அசையும் என்று புரியவைக்க அதைவிட எளிய படம் கிடையாது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது கையைக் கட்டி வைக்க அது நல்ல கயிறு. ஆனால் நாளடைவில் அதுவே தீர்ப்புச் சொல்லும் அளவுகோலாகவும் ஆகிவிட்டது, அங்கேதான் பிசகு. காலமும் செலவும் வேலை செய்தவரின் கணக்குகள். பயன் என்பது வேறொருவருடைய கணக்கு, அது பெரும்பாலும் வேலை செய்தவர் கிளம்பிப் போனபிறகுதான் தெரியவரும்.

பெரிய திட்டங்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் பென்ட் ஃப்ளூவ்பியர் 16,000க்கும் மேற்பட்ட திட்டங்களின் தரவைத் திரட்டியிருக்கிறார். அதில் பட்ஜெட்டுக்குள் முடிந்தவை 47.9 சதவீதம். பட்ஜெட், காலம் இரண்டிலும் தேறியவை 8.5 சதவீதம். அவற்றோடு, சொன்ன பயனையும் தந்தவை 0.5 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்து எல்லோரும் அதிர்ச்சியாகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. நம் அலுவலகங்களில் எத்தனை புராஜெக்ட்டுக்கு அந்தக் கடைசி வரியை யாராவது எழுதியாவது வைக்கிறோம்? ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போய் எண்ணிப் பார்த்த புராஜெக்ட் என்று நான் வேலை பார்த்தவற்றில் ஒரு கைவிரலுக்குள் அடங்கும்.

இந்தப் பேச்சு வந்தால் உடனே யாராவது சிட்னி ஓபரா ஹவுஸை இழுப்பார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று ஆரம்பித்து 10.2 கோடியில் போய் நின்றது, 1973இல் திறந்தபோது பத்து ஆண்டு தாமதம், வடிவமைத்த யோர்ன் உட்ஸன் 1966இலேயே மனமொடிந்து விலகிப் போனார், ஆனால் 2007இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது, பார்த்தீர்களா என்பார்கள். உண்மைதான். ஆனால் தாமதத்துக்கு அதைச் சாக்காகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. தாமதமாகி, பணம் விழுங்கி, பயனும் இல்லாமல் போனவற்றை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அதனால் சிட்னி மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

ஐந்தாம் முனையத்துக்கே வருவோம். 2007இல் ஒரு பொறியாளரைக் கேட்டிருந்தால் வெற்றி என்றிருப்பார். 2008 ஏப்ரலில், பெட்டி தொலைந்துபோய் நின்ற பயணியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எழுதத் தேவையில்லை. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை அதை நாட்டுக்கே வந்த சங்கடம் என்ற தொனியில் எழுதியது. 2014இல், விமான நிலையங்களை மதிப்பிடும் ஸ்கைட்ராக்ஸ் நிறுவனத்தின் விருதில் உலகின் சிறந்த முனையம் அதுதான். கட்டிடம் அதேதான். முதல் நாள் கலவரத்தைப் பிற்கால விருது துடைத்துவிடுமா என்றால், துடைக்காது என்பேன். ரத்தான விமானத்தில் யாரோ ஒருவர் கல்யாணத்துக்கோ சாவுக்கோ போக வேண்டியிருந்திருக்கும். ஆனால் கட்டிடத்தில் அடிப்படைக் கோளாறு எதுவும் இல்லை, மனிதர்கள் பழகியதும் அது நன்றாக ஓடியது என்பதையும் அந்த விருது காட்டுகிறது. குறைந்துபோனது பழகுவதற்கான நாட்கள்தான்.

இதை ஹீத்ரோக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். 2014 ஜூன் 4இல் புதிய இரண்டாம் முனையத்தைத் திறந்தபோது முதல் நாள் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒன்று மட்டும்தான், கொள்ளளவில் சுமார் பத்து சதவீதம். மற்ற நிறுவனங்கள் அடுத்த சில மாதங்களில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. செய்தித்தாள்களுக்கு எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை.

எங்கள் கிடங்கு புராஜெக்ட்டுக்கு இரண்டாம் கட்டம் வந்தபோது நான் இரண்டு விஷயத்துக்காகச் சண்டை போட்டேன். ஒன்று, பயிற்சி நாட்களைத் தொடக் கூடாது, எங்கள் வேலை எத்தனை நாள் தாமதமானாலும் திறப்பு அத்தனை நாள் தள்ளிப்போகும். இரண்டு, தயார் என்று கையெழுத்துப் போடுவது அக்கா, மேனேஜர் இல்லை. முதல் தேதியில் அவர் போட மறுத்துவிட்டார். உடைந்த சரக்கைத் திருப்பும் அந்தப் பழைய சிக்கல் இன்னும் தீரவில்லை, தன் கையால் பத்து முறை செய்து பார்க்காமல் மாட்டேன் என்றார். மூன்று வாரம் தள்ளிப்போனது. மேலிடத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டோம், முடிவுக் கூட்டத்தில் காலம் என்ற கட்டம் சிவப்பாக இருந்தது, யாரும் கைதட்டவில்லை.

திறந்து இரண்டு மாதம் கழித்துக் கீழே போனேன். கீபோர்டுக்கு அடியில் எதுவும் இல்லை. நோட்டு எங்கே அக்கா என்றேன். டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். புரட்டிப் பார்த்தேன். கோடு போட்ட பக்கங்களில் கடைசிப் பதிவு, நாங்கள் திறந்த பன்னிரண்டாம் நாள்.